புள்ளிக்கோட்டில் நிற்கும் மாரித்

"ஹௌகன் பண்ணை, 6 நவம்பர் 1927. தன் மனைவியை இங்கே விட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் போனவனுடைய பிள்ளைகளுக்கு இந்த வீட்டில் உறவு என்று எவரும் இல்லை. இனி எழுத வேண்டாம்."

இந்தக் கடிதத்தின் பிரதி 2004 பெப்ரவரியில், ஒஸ்லோவில் நான் வேலை செய்த ஆவணக் காப்பகத்துக்கு வந்தது. அனுப்பியவர் மினசோட்டாவில் வசித்த டோரிஸ் என்ற எழுபத்தெட்டு வயதுப் பெண். 1927இல் அதைப் பெற்றவர் அவருடைய அம்மம்மா. பெயர் மாரித். "அவரை ஏன் ஒதுக்கினார்கள் என்று அறிந்துவிட்டு, அந்த வாசலில் ஒருமுறை நான் நிற்க வேண்டும்" என்று டோரிஸ் எழுதியிருந்தார்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் அபிராமி. ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் எங்கள் அடுக்குமாடியிலேயே பிறந்து வளர்ந்து, இன்று அதே காப்பகத்தில் வேலை செய்பவர். நான் ஓய்வுபெற்ற அடுத்த ஆண்டு, 2009 வசந்தத்தில், தொலைபேசியில் அழைத்தார்.

"அங்கிள், வாசிப்பு அறையிலை இருந்த கடைசிப் பிலிம் மெசினையும் தூக்கிக்கொண்டு போட்டினம். சிர்க்கபூக் எல்லாம் நெற்றிலை ஏத்தியாச்சு. நீங்கள் என்னண்டு இதுகளைத் தேடிப் பிடிச்சனீங்கள்? ஒருக்கா எழுதித் தாங்கோவன்."

சிர்க்கபூக் என்பது தேவாலயப் பதிவேடு. ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம், ஊரைவிட்டுப் போனவர்கள் என்று ஒரு மனிதர் போதகரின் முன் வந்த எல்லா நாட்களும் அதில் இருக்கும். பதினெட்டு ஆண்டுகள் என் வேலை அதை வாசிப்பது.

அதற்கு முந்தியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவுக் கந்தோரில் எழுதுவினைஞர். 1987இல் நோர்வேயின் வடமுனையில் மீன் தொழிற்சாலை. பிறகு ஒஸ்லோ. காப்பகத்தில் முதலில் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் வேலைதான் கிடைத்தது. மதிய இடைவேளைகளில் பழைய கொதிக் எழுத்தைக் கூட்டி வாசிக்கப் பழகினேன். 1990இல் வாசிப்பு அறை மேசைக்கு மாற்றினார்கள்.

என்னை மாற்றியவர் பிரிவுத் தலைவர் ரன்டி. உயரமானவர், எப்போதும் சாம்பல் நிறச் சுவெற்றர், காதுக்குப் பின்னால் பென்சில். முதல் ஓராண்டு அவர் என்னை "நல்லையா" என்றே கூப்பிட்டார். அது என் தகப்பனாரின் பெயர். விமான நிலையத்தில் யாரோ நல்லையா குணசீலனில் முன்னால் நின்ற சொல்லை என் பெயராக எழுதிவிட்டார்கள். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

ரன்டி பென்சிலை எடுத்தார். "ஒரு வருசமா உன்ரை அப்பாவையோ வேலை வாங்கினனான்? சம்பளத்தை ஆர் எடுத்தது?" பிறகு சிரிப்பை நிறுத்தி, "அப்ப நீ எங்கடை பழைய ஆக்கள் மாதிரி. ஓலாவின்ரை மகன் ஓல்சன். குடும்பப் பேர் எண்டு ஒண்டில்லை. இந்த வேலை உனக்குக் கெதியாப் பிடிபடும்" என்றார்.

ரன்டி பேசியது நொர்வேஜியம், டோரிஸ் பேசியது ஆங்கிலம். இரண்டையும் என் காதில் தங்கிய தமிழில் எழுதுகிறேன்.

ரன்டியின் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை. மேல் இடது மூலையில் சம்பவம் நடந்த திகதி. மேல் வலது மூலையில் அது எழுதப்பட்ட திகதி. நடுவில் பதிவில் உள்ள வாசகம், பிழைகளோடு அப்படியே. கீழே, அந்தச் செய்தியைச் சொன்னவர் யார் என்பது. சொன்னவர் யாரென்று தெரியாவிட்டால் "தெரியாது" என்று எழுத வேண்டும், வெறுமையாக விடக்கூடாது. நம்முடைய ஊகம் எதுவானாலும் பின்பக்கத்தில், பென்சிலால். ஒரு பெரிய தாளில் குடும்பத்தை வரையும்போது, ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டறியாத இரண்டு சாட்சிகள் இருந்தால்தான் இருவரை முழுக்கோட்டால் இணைக்கலாம். இல்லாவிட்டால் புள்ளிக்கோடு.

"பதிவு பொய் சொல்லாது. பதிவு ஒண்டும் சொல்லாது. ஆரோ ஒராள் சொல்லுறார், இன்னொராள் எழுதுறார். ஆர் சொன்னது, எப்ப சொன்னது, அவருக்கு என்னண்டு தெரியும்? இந்த மூண்டையும் கேள்" என்பார்.

அவர் எவருக்காகவும் கோட்டை மாற்றியதில்லை. 1994இல் பேர்கன் பக்கத்து வணிகர் ஒருவர், தன் பூட்டன் கப்டனாக இருந்தவர் என்று வீட்டில் படம்கூட மாட்டியிருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கப்பல் பட்டியலில் பூட்டன் சமையற்காரராக இருந்தார். மனிதர் மேசையில் அடித்துக் கத்தினார். ரன்டி அவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "கடல்லை மூண்டு மாசம் எல்லாருக்கும் சாப்பாடு குடுத்திருக்கிறார். படத்தைக் கழட்டாதேங்கோ, எழுத்தை மட்டும் மாத்துங்கோ" என்றார். நான் அந்த மேசையில் கற்றதெல்லாம் இப்படியான காட்சிகளில்தான்.

டோரிஸ் 2004 ஜூனில் வந்தார். சிறிய உருவம், வெள்ளைத் தொப்பி, கையில் அமெரிக்கப் பதிவுகள் நிறைந்த பை. இதயத்தில் கருவி பொருத்தியிருந்தது. இதுதான் கடைசி விமானப் பயணம் என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். அவருடைய திரும்பு பயணத்துக்குள் விடை தெரிய வேண்டும்.

குடும்பத்தில் சொல்லப்பட்ட கதை இது. டோரிஸின் அம்மம்மாவுக்குத் தகப்பன் ஆண்டர்ஸ். அவர் 1861இல், ஒஸ்லோவுக்கு வடக்கே ஒரு பள்ளத்தாக்கில், ஹௌகன் பண்ணைப் பெண்ணான மாரித்தை மணந்தார். 1863இல் அமெரிக்கா போனார். அங்கே அவருக்கு மனைவியாக இருந்தவர் காரி என்ற இன்னொருத்தி. வேலைக்காரியாக இருந்தவர் என்று கேள்வி. முதல் மாரித்தை ஊரிலே விட்டுவிட்டு, அவருடைய கைக்குழந்தையை மட்டும் பறித்துக்கொண்டு ஆண்டர்ஸ் போய்விட்டார். அந்தக் குழந்தைதான் தாயின் பெயரையே கொண்ட டோரிஸின் அம்மம்மா. மினசோட்டாவில் அவருடைய கல்லறையில் "பிறப்பு 1862, நோர்வே" என்று வெட்டியிருந்தது.

பண்ணையில் அப்போது இருந்தவர் தூர்லைவ், வயது எண்பத்தொன்று. 1927 கடிதத்தை எழுதியவருடைய மகன். கைவிடப்பட்ட மாரித்தின் அண்ணனுக்குப் பேரன். டோரிஸ் வந்து சேர்ந்த அன்றே நான் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"மாரித் இஞ்சை முப்பது வருசம் அமெரிக்கக் கடிதத்துக்குக் காத்திருந்தவ. தபால் வாற நாளிலை கேற்றடியிலை போய் நிப்பாவாம். ஒருத்தரோடையும் கதைக்கிறதில்லையாம். என்ரை அப்பா சின்னப்பிள்ளையிலை கண்ணாலை கண்டவர். 1893இலை செத்தா. எங்கடை சவக்காலையிலைதான் கிடக்கிறா."

"டோரிஸ் அவவின்ரை மகளின்ரை பேத்தி எண்டு சொல்லுறா."

"அப்பிடியெண்டா வரட்டும். மாரித்தின்ரை இரத்தத்துக்கு இந்த வீட்டிலை கதிரை இருக்கு. அவன்ரையும் அந்த வேலைக்காரியின்ரையும் இரத்தமெண்டால் ரோட்டோடை போகட்டும். நீங்கள் பதிவைப் பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னா நான் நம்புவன்."

டோரிஸிடம் சொன்னேன். கை தட்டினார். "இதுதானோ? நான் மாரித்தின்ரை ஆள்தானே. கல்லிலை வெட்டிக் கிடக்கு!" அன்று மாலையே சனிக்கிழமை ரயிலுக்கு இடம் பதிந்துவிட்டார். பண்ணைக்கு எடுத்துப்போக ஒரு மேசைவிரிப்பும் வாங்கினார். அதை வாசிப்பு அறையில் விரித்துக் காட்டியபோது நான் என் அட்டைகளைக் கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால் அவர் பையிலிருந்த பதிவுகளைப் பார்த்து நான் எழுதியவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

1870 அமெரிக்கக் குடிக்கணக்கில் அந்தச் சிறுமிக்கு வயது ஐந்து, பிறந்த இடம் மினசோட்டா. 1880இலும் 1900இலும் அப்படியே. 1930 கணக்கில் பிறந்த இடம் நோர்வே. 1934இல் நட்ட கல்லறைக் கல்லிலும் நோர்வே, ஆண்டு 1862.

"அந்தக் காலத்திலை கணக்கெடுக்கிறவன் குதிரையிலை வந்து வேலிக்கு வெளியிலை நிண்டு கத்துவான்" என்றார் டோரிஸ். "வீட்டிலை ஆளில்லாட்டிப் பக்கத்துக் காணிக்காரனைக் கேட்டு எழுதிப்போட்டுப் போயிடுவான். அவனுக்குத் தெரியுமோ, சொந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமோ?"

அது நியாயமான பேச்சு. நானும் பாதி ஒத்துக்கொண்டேன். நோர்வேயின் பதிவுகளும் அவருடைய கதைக்கு இடம் கொடுத்தன. ஊரைவிட்டுப் போனவர்கள் பட்டியலில் 1863 ஏப்ரலில் "ஆண்டர்ஸ், மனைவி" என்று இருந்தது. மனைவியின் பெயர் இல்லை. காரியையே மனைவி என்று சொல்லிப் போயிருக்கலாம். கைக்குழந்தை அங்கேயும் இல்லை, 1862 ஞானஸ்நானங்களிலும் இல்லை; எழுதாமல் விட்டிருக்கலாம். 1865 குடிக்கணக்கில் ஹௌகன் பண்ணையில் "வீட்டுக்காரரின் தங்கை மாரித், மணமாகாதவர், 24" என்று இருந்தது. புருசன் விட்டுப் போனதை வெட்கத்தில் மறைத்திருக்கலாம். 1893 அடக்கப் பதிவில் வயது 52. மணப் பதிவோடு ஒப்பிட்டால் மூன்று வயது குறைவு. கிழவிகளின் வயதில் மூன்று ஆண்டு பிசகுவது புதினமல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் இருந்தது. சமாதானங்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றவில்லை.

புதன்கிழமை டோரிஸ் கோப்பி எடுக்கப் போயிருந்த நேரம் ரன்டி என் மேசைக்கு வந்தார். அட்டைகளைப் பார்த்தார். அமெரிக்க அட்டைகளைக் கையால் வாரி எடுத்து என்னிடமே தந்தார்.

"திரும்ப அடுக்கு. நடந்த திகதிப்படி இல்லை. எழுதின திகதிப்படி."

அடுக்கினேன். 1870, 1880, 1900. மூன்றும் மினசோட்டா. பிறகு 1930, 1934. இரண்டும் நோர்வே. ரன்டி காதிலிருந்த பென்சிலை எடுத்து இடையில் இருந்த வெற்றிடத்தைத் தட்டினார். நான் 1927 கடிதத்தின் அட்டையை எடுத்து அங்கே வைத்தேன்.

"கடிதம் வந்த பிறகுதான் அவ நோர்வேயிலை பிறந்திருக்கிறா" என்றார் ரன்டி மெதுவாக.

அறுபத்திரண்டு வயதில் ஒரு பெண்ணுக்கு, 'உன் தகப்பன் மனைவியை விட்டுவிட்டு ஓடியவன்' என்று கடிதம் வருகிறது. விடப்பட்ட மனைவியின் பெயர் தன் பெயர். அவர் என்ன நினைத்திருப்பார்? 'நான் அவளுடைய பிள்ளை, என்னைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.' மூன்றாண்டு கழித்துக் கணக்கெடுக்க வந்தவரிடம் அதையே சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் அதையே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கல்லும் கணக்கும் இரண்டு சாட்சிகள் அல்ல. இரண்டுமே அந்தக் கடிதத்திலிருந்து வந்தவை.

டோரிஸ் கோப்பியோடு திரும்பி வந்தார். "என்ன, ரெண்டு பேரும் செத்தவீட்டிலை நிக்கிற மாதிரி நிக்கிறியள்?"

ரன்டி அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டு, அட்டைகளைக் காட்டினார். டோரிஸ் பார்த்தார். "எனக்கு அம்மம்மாவின்ரை முகம் தெரியும்" என்றார். "அவ பொய் சொல்லுற ஆள் இல்லை."

"அவ பொய் சொல்லேல்லை. நம்பினதைச் சொல்லியிருக்கிறா."

மினசோட்டாவில் அந்தக் குடும்பம் போன லூதரன் சபைக்கு நான் பெப்ரவரியிலேயே எழுதியிருந்தேன். திருமணங்களை எழுதிய முதற் புத்தகம் காணாமற்போய்விட்டது என்று முதலில் பதில் வந்தது. ஞானஸ்நானப் புத்தகத்தின் பக்கம் வியாழக்கிழமை தொலைநகலில் வந்தது. ஊர் ஊராகச் சுற்றிய ஒரு போதகரின் சாய்ந்த எழுத்து. "மாரித், பிறப்பு 9 ஏப்ரல் 1865. பெற்றோர் ஆண்டர்ஸ், காரி." சொன்னவர் பெற்றோர். எழுதப்பட்டது பிறந்த சில கிழமைகளுக்குள். அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

டோரிஸ் தாளை மூக்கருகே பிடித்து இரண்டு தரம் வாசித்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அப்ப நான் வேலைக்காரியின்ரை ஆள்."

தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த மனிசனுக்கு இதைச் சொல்லத்தான் வேணுமோ? கல்லின்ரை படம் ஒண்டை அனுப்பினாப் போதாதோ? நான் ஒரு பகல்தான் அங்கை இருக்கப்போறன், குணா. ஒரு கோப்பி குடிச்சிட்டு வந்திடுவன்."

நான் ரன்டியைப் பார்த்தேன். அவர் முகத்தில் கடுமை இல்லை, இளக்கமும் இல்லை. "அவரைக் கூப்பிடுறதும் விடுறதும் உங்கடை விருப்பம். நீங்கள் வேண்டாமெண்டா நாங்கள் வாய் திறக்கமாட்டம். கூப்பிட்டா, எழுதியிருக்கிறதைத்தான் சொல்லுவம். நீங்கள் சொன்னா நம்புவன் எண்டு சொன்ன மனிசன் அவர்."

"நாளைக்குச் சொல்லுறன்" என்று டோரிஸ் எழும்பினார். மேசைவிரிப்பு இருந்த பையை எங்கள் அறையிலேயே விட்டுவிட்டுப் போனார். மறந்துபோனதாக எனக்குப் படவில்லை.

அன்று வீட்டில் என் மனைவி பவானி சோற்றைப் போட்டபடி முழுவதையும் கேட்டாள்.

"பாவம் மனிசி. ஒரு பொய் சொன்னா என்னப்பா? ஆரும் சாகப்போகினமோ?"

"எழுதிக் குடுத்தா அது பதிவாயிடும். நாளைக்கு வாறவன் அதுக்கு மேலை வீடு கட்டுவான்."

"உங்கடை ரன்டி மாதிரிக் கதைக்காதேங்கோ. எங்கடை குடும்பத்தை நூறு வருசத்துக்குப் பிறகு ஒருத்தன் தேடினா என்ன நடக்கும்? நல்லையாவுக்கு இஞ்சை வேலை, நல்லையாவுக்கு அங்கை மரணச் சான்றிதழ். ஆவி வந்து வேலை செய்தது எண்டு எழுதுவான்."

சிரித்தேன். ஆனால் சனிக்கிழமை காலை ரயிலுக்கு நடுவே ஒரு நாள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் போனபோது ரன்டி எனக்கு முன்னமே என் மேசையில் இருந்தார். குடும்பத்தை வரைந்த பெரிய தாள் விரித்துக் கிடந்தது. ஹௌகன் பண்ணைப் பெற்றோருக்கு 1838 டிசம்பரில் ஒரு மாரித், 1841இல் இன்னொரு மாரித் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். முதற்பிள்ளை இறந்தால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது இந்த நாட்டின் பழைய வழக்கம். பதிவேடுகளில் தினமும் காண்பது. அதனால் 1838 மாரித்துக்கு நான் புள்ளிக்கோடு போட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் "குழந்தையிலேயே இறந்திருக்கலாம்" என்று எழுதியிருந்தேன். ரன்டியும் அதைப் பார்த்துத் தலையாட்டியிருந்தார்.

இப்போது அவருடைய பென்சில் அந்தப் புள்ளிக்கோட்டில் நின்றது.

"இவளை ஆர் தாட்டது?"

"அடக்கப் பதிவிலை தேடினனான். இல்லை. சில பக்கம் கிழிஞ்சிருக்கு."

"கிழிஞ்ச பக்கத்திலை ஒரு பிள்ளையைத் தாட்டுப்போட்டு, நாங்கள் ரெண்டு பேரும் மூண்டு நாளா அதுக்கு மேலை நடந்து திரியிறம்." எழும்பினார். "பதினாலு பதினைஞ்சு வயசிலை எல்லாப் பிள்ளையளும் போதகருக்கு முன்னாலை நிக்கவேணும். திடப்படுத்தல் புத்தகத்தை எடு."

அந்தப் புத்தகத்தைப் படம் பிடித்த சுருளைப் பிலிம் கருவியில் மாட்டிக் கைபிடியைச் சுற்றினேன். டோரிஸ் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாது, என் கதிரைக்குப் பின்னால் நின்றார். 1853 பக்கம் வந்தது. சிறுமிகளின் வரிசையில் ஏழாவது: "மாரித், ஹௌகன், பிறப்பு 1838." நான் சுற்றுவதை நிறுத்தவில்லை. 1856. முதற் பக்கத்தின் அடியில்: "மாரித், ஹௌகன், பிறப்பு 1841." பக்கத்தில் போதகர் சிறிதாக ஒரு சொல் எழுதியிருந்தார். இளையவள்.

நான் அந்த இரண்டு வரிகளுக்கும் இரண்டு அட்டைகள் எழுதினேன்.

ரன்டி தாளில் ஒரு தலைமுறை மேலே பென்சிலை நகர்த்தினார். தகப்பனின் தாய் மாரித். தாயின் தாயும் மாரித். அம்மம்மா, அப்பம்மா இருவருடைய பெயரையும் பேத்திகளுக்கு வைத்தாக வேண்டும். இருவருக்கும் ஒரே பெயர் என்றால் உயிரோடிருக்கும் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே பெயர். குறைவாக நடப்பது, ஆனால் நடப்பது. (பவானி பிறகு இதைக் கேட்டுவிட்டு, "கூப்பிட்டா ரெண்டு பேரும் ஓடி வருவினம். வேலைக்கு நல்லம்" என்றாள்.)

நான் சமாதானம் சொல்லி வைத்திருந்த பதிவுகள் எல்லாம் அப்போது தாங்களாகவே இடத்தில் போய் இருந்தன. 1861இல் இருபத்திரண்டு வயதில் மணம் முடித்தவள் மூத்தவள். 1865இல் பண்ணையில் மணமாகாமல் இருந்தவள் இளையவள். வெட்கத்தில் எதையும் மறைக்கவில்லை. 1893இல் ஐம்பத்திரண்டு வயதில் இறந்ததும் இளையவள். வயதில் பிசகு இல்லை. 1863க்குப் பிறகு மூத்தவள் நோர்வேயில் எந்தப் பதிவிலும் இல்லை. "ஆண்டர்ஸ், மனைவி" என்று போனவள் அவள்தான்.

"அப்ப அவர் அவவை விட்டிட்டுப் போகேல்லை" என்றார் டோரிஸ். "கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்." தாளில் தன் அம்மம்மாவின் பெயரைத் தொட்டார். "ஆனா நான் அவவின்ரை பிள்ளையும் இல்லை."

"ஓம்" என்றேன்.

"கூப்பிடுங்கோ" என்றார்.

ரன்டியின் அறையில் ஒலிபெருக்கித் தொலைபேசி இருந்தது. நான் பேசினேன். டோரிஸுக்கு மொழி புரியாது. ரன்டி அவர் காதருகே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மாரித்துகளைப் பற்றிச் சொன்னேன். தூர்லைவ் மறுத்தார். தன் தகப்பன் கண்ணால் கண்டவர் என்றார். தகப்பனின் தகப்பன், அதாவது அந்த மாரித்துகளின் அண்ணன், எப்போது இறந்தார் என்று கேட்டேன். தகப்பனுக்கு ஐந்து வயது நடக்கும்போது என்றார்.

"அப்ப உங்கடை அப்பாவுக்கு ரெண்டு மாரித் எண்டு சொல்லப் பெரியாக்கள் ஆர் இருந்தவை?"

அவர் அதை விட்டுவிட்டு, "அந்த மனிசி ஆற்றை இரத்தம்?" என்று கேட்டார்.

ரன்டி என்னைப் பார்த்தார். டோரிஸ் ரன்டியின் கையைப் பிடித்திருந்தார்.

"காரியின்ரை. மூத்த மாரித்தின்ரை இல்லை. ஞானஸ்நானப் பதிவு கிடைச்சிட்டுது."

நான் தொலைபேசி வைக்கப்படும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அவர் வைக்கவில்லை.

"அந்தப் பிள்ளை எப்ப பிறந்தது?"

"1865 ஏப்ரல்."

"காரிக்கு முதற் பிள்ளையோ?"

"ஓம். மூத்த பெட்டை."

"பேர் மாரித்."

"ஓம்."

கதிரை நகரும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றிருக்க வேண்டும். "அப்ப அவ செத்துப்போனா" என்றார். "1865க்கு முதலே செத்துப்போனா."

நாங்கள் யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மனைவி இறந்து மறுமணம் செய்தவனுக்குப் பிறக்கும் முதல் மகளுக்கு, இறந்த மனைவியின் பெயரைத்தான் வைப்பார்கள். அது அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம்; அங்கே வளர்ந்தவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"விட்டிட்டு வந்தவளின்ரை பேரை ஒருத்தனும் வைக்கமாட்டான்" என்றார் தூர்லைவ். "ரெண்டாந்தாரமா வந்தவளும் விடமாட்டாள். செத்தவளுக்குத்தான் வைப்பினம். அந்தக் காரி தன்ரை முதற் பிள்ளைக்கு எங்கடை ஆளின்ரை பேரை வைச்சிருக்கிறாள். அப்பா அந்தப் பிள்ளைக்குத்தான் கடிதம் எழுதினவர்."

ரன்டி காதருகே சொல்வதை நிறுத்திவிட்டார். டோரிஸ் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கடை ஆளின்ரை பேரோடை பிறந்தவளின்ரை பேத்தி. வரச் சொல்லுங்கோ. இரத்தத்தைப் பற்றி நான் கதைச்சதை மனிசிக்குச் சொல்லாதேங்கோ."

"அவ பக்கத்திலைதான் இருக்கிறா."

"அப்ப கோப்பி நல்லாப் போடுவன் எண்டு சொல்லுங்கோ."

மறுநாள் மொழிபெயர்ப்புக்காக நானும் ரயிலில் போனேன். தூர்லைவ் கறுத்தக் கோட்டு அணிந்து, தபாற்பெட்டி இருந்த கேற்றடியில் நின்றார். டோரிஸ் மேசைவிரிப்பை நீட்டினார். அவர் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் அழைக்காமல் அங்கேயே நின்றார்.

"இந்த இடத்திலைதான் அவ நிப்பாவாம். புருசனுக்கு நிண்டா எண்டுதான் நாங்கள் சொல்லி வந்தது. அக்காவின்ரை கடிதத்துக்கு நிண்டிருக்கிறா."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அதுவும் ஓர் ஊகம்தான், பின்பக்கத்தில் பென்சிலால் எழுத வேண்டியது. அன்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குள் மேசைவிரிப்பை விரித்து அதன்மேல்தான் கோப்பி வைத்தார்கள்.

டோரிஸ் 2007இல் இறந்தார். அதற்கு முந்திய ஆண்டு தூர்லைவ் சவக்காலையில் குடும்பக் கல்லைப் புதுப்பித்திருந்தார். இளைய மாரித்தின் பெயருக்கு மேலே மூத்தவளின் பெயரை வெட்டுவித்தார். பிறப்பு 1838. இறப்பு என்ற சொல்லுக்குப் பிறகு கல்லை வெறுமையாக விட்டிருந்தார்.

அந்த வெறுமைக்காக நான் நிறையத் தேடினேன். அந்த ஆண்டுக்குரிய பயணிப் பட்டியல் கிடைக்கவில்லை. கனடாவில், கியூபெக்குக்குக் கீழே ஆற்றுத்தீவில், நோய்ச் சோதனைக்காகக் கப்பற்பயணிகளை மறித்து வைத்த நிலையத்தின் அடக்கக் குறிப்புகளில், 1863 ஜூன் மாதத்துக்குரிய ஒரு வரி கண்ணில் பட்டது: "நோர்வேப் பெண், சுமார் 24 வயது." பெயர் இல்லை. கப்பலின் பெயரும் இல்லை. வயதும் காலமும் பொருந்துகின்றன. அந்தக் கோடையில் அந்த வயதில் எத்தனை நோர்வேப் பெண்கள் அந்த ஆற்றால் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அதைத் தூர்லைவிடம் சொன்ன பிறகு மாதத்துக்கு ஒருமுறை அழைக்கிறார். போன கிழமையும் அழைத்தார்.

"குணா, கல்லு வெட்டுறவன் அடுத்த கிழமை ஊருக்கு வாறான். எனக்கு எண்பத்தாறு. அந்தத் தீவிலை கிடக்கிறது அவதான், ஓம் எண்டு ஒரு சொல் சொல்லும்."

"இன்னும் ஒரு சாட்சி வேணும்."

"ரன்டி இப்ப உம்மைத் தடுக்க அங்கை இல்லையே!"

"இல்லை."

ஏசிவிட்டு வைத்துவிட்டார். கல்லில் இடம் அப்படியே இருக்கிறது. என்னிடமுள்ள அட்டையில் இன்றுவரை எழுதியிருப்பது இவ்வளவுதான்: மாரித், மூத்தவள், ஹௌகன். பிறப்பு டிசம்பர் 1838. இறப்பு 1863 ஏப்ரலுக்கும் 1865 ஏப்ரலுக்கும் இடையில். இடம்: உறுதிப்படுத்தப்படவில்லை. சொன்னவர்: தெரியாது.